அக்டோபர் 31-ஆ, நவம்பர் 7-ஆ? கிருஷ்ண மேனனின் பதவித் தேதிகள்

கேள்வி: சென்னையில் எங்கள் கல்லூரி வரலாற்றுக் கண்காட்சிக்கு வி.கே. கிருஷ்ண மேனன் பற்றிக் காலவரிசைப் பலகை தயாரிக்கிறேன். பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து விலகிய நாள் 1962 அக்டோபர் 31 என்று ஒரு நூலிலும் நவம்பர் 7 என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எதைப் போடுவது? லண்டனில் அவர் தூதரா, ஹை கமிஷனரா?

பதில்: இரண்டு தேதியும் சரிதான். இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். சீனப் போரின் பின்னடைவால் எதிர்ப்பு வலுத்தபோது, அக்டோபர் 31 அன்று பாதுகாப்புத் துறையை நேரு தன்னிடம் எடுத்துக்கொண்டார். மேனனிடம் பாதுகாப்பு உற்பத்தி இலாகா மட்டும் இருந்தது. எதிர்ப்பு அதிலும் அடங்காததால் நவம்பர் 7 அன்று அமைச்சரவையை விட்டே போனார். ஆகவே பலகையில் இரண்டு வரி வேண்டும். ஒரே வரியில் அடைத்தால் இடையிலிருக்கும் அந்த ஒரு வாரம் காணாமல் போகும். அவரது வீழ்ச்சி படிப்படியாக நடந்தது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது.

பொதுவாகவே, அமைச்சராகவும் தூதராகவும் இருந்தவருக்குப் பதவிக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். பதவி, இலாகா, தொடக்கம், முடிவு, ஆதாரம் என்று ஐந்து கட்டங்கள் போதும். மேனன் அமைச்சரவைக்குள் வந்தது 1956 பிப்ரவரியில், இலாகா இல்லாத அமைச்சராக. பாதுகாப்புத் துறை கிடைத்தது 1957 ஏப்ரலில். அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் பற்றி ஏறத்தாழ எட்டு மணி நேரம் அவர் பேசியது 1957 ஜனவரி 23, 24 தேதிகளில். அந்தப் படத்தின் கீழ் ‘பாதுகாப்பு அமைச்சர்’ என்று எழுதினால் தப்பு. ‘ஐ.நா.வுக்கான இந்தியத் தூதர்’ என்பதும் சரியல்ல. அப்போது நிரந்தரப் பிரதிநிதி ஆர்தர் லால். மேனன் இந்தியக் குழுவை நடத்திச் சென்றவர். அமைச்சரான பிறகும் அந்தப் பணி தொடர்ந்ததால், ‘முதலில் தூதர், பிறகு அமைச்சர்’ என்று நேர்க்கோடு போட முடியாது. இரண்டு பட்டைகளாக, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வரையுங்கள்.

லண்டனில் அவர் ஹை கமிஷனர், 1947 முதல் 1952 வரை. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவருக்கு அதுதான் பெயர். 1947-இல் இரு நாட்டுக்கும் மன்னர் ஒருவரே என்பதால், ஒரு நாட்டுத் தலைவர் இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பும் நியமனப் பத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை ஒப்படைத்த தேதியைத் தேடி அலையாதீர்கள். ஆனால் அயர்லாந்து 1949 ஏப்ரலில் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அதனால் லண்டனில் ஹை கமிஷனராக இருந்த அதே மனிதர், டப்ளினுக்குத் தூதராகவும் அமர்த்தப்பட்டார். தூதர் பதவிக்கு மட்டும் நியமன அறிவிப்பு, பொறுப்பேற்பு, பத்திரம் ஒப்படைப்பு என்று மூன்று தேதிகள் வரக்கூடும். எதை எடுத்தீர்கள் என்று ஆதாரக் கட்டத்தில் குறித்துவிடுங்கள்.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 1953-இல் அவர் மாநிலங்களவைக்குச் சென்றது அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து. ‘சென்னைத் தொகுதி’ என்று எழுதாதீர்கள். மாநிலங்களவைக்குத் தொகுதி கிடையாது, எம்.எல்.ஏ.க்கள்தான் வாக்களிப்பார்கள்; மலபாரும் அப்போது அந்த மாநிலத்தில்தான் இருந்தது. நகரத்தோடு அவருக்குள்ள உறவைக் காட்ட மாநிலக் கல்லூரி, சட்டக் கல்லூரிப் படிப்பை எடுங்கள்.

சரிபார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள். 31-ஆம் தேதிச் செய்தி 1-ஆம் தேதி இதழில்தான் வரும். இதழின் தேதியையே நிகழ்வின் தேதியாக எழுதிவிடுவதால்தான் பல நூல்களில் ஒரு நாள் பிசகு. மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதவி நியமனத்துக்கு இந்திய அரசிதழே முதல் ஆதாரம். நாள் உறுதியாகாவிட்டால் மாதமும் ஆண்டும் மட்டும் போடுங்கள்.