மயக்க மருந்துக்கு முன் இத்தனை கேள்விகள் எதற்கு? மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கே: அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. கேஸ் ஷீட்டில் 'ஏஎஸ்ஏ 3' என்று எழுதியிருக்கிறார்கள். ஆபத்து அதிகமா டாக்டர்?

ப: ஏஎஸ்ஏ என்பது அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் சுருக்கம். 3 என்பது அவர்கள் வகைப்பாட்டில் அம்மாவின் உடல்நிலைக்குப் போட்ட எண், அறுவை சிகிச்சைக்குப் போட்டதல்ல. எந்த நோயும் இல்லாதவர் 1. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் 2, இல்லாவிட்டால் 3. எந்நேரமும் உயிருக்கு ஆபத்து என்ற அளவில் நோய் இருந்தால் 4. அவசர சிகிச்சை என்றால் பக்கத்தில் எமர்ஜென்சியைக் குறிக்கும் 'ஈ' (E) சேரும். 1941-ல் இந்த வகைப்பாடு முதலில் வந்ததே புள்ளிவிவரங்களைத் திரட்டத்தான். அதே 3 கண்புரைக்கு வந்தவருக்கும் உண்டு, இதயத்தைத் திறக்க வந்தவருக்கும் உண்டு. இரண்டும் ஒன்றாகுமா? எண்ணை விடுங்கள், எதனால் 3 போட்டார்கள் என்று கேளுங்கள்.

கே: ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு. அப்புறமும் மாடிப்படி ஏறுவீர்களா என்று கேட்கிறார்களே?

ப: எக்கோ என்ற இதய ஸ்கேன் படுத்த நிலையில் எடுப்பது. இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறவரின் இதயமும் நுரையீரலும் பெரும்பாலும் அறுவை சிகிச்சையின் பளுவைத் தாங்கும். "தாராளமா ஏறுவேன்" என்பார் நோயாளி. பின்னால் நிற்கும் மனைவி மெதுவாகத் தலையாட்டி மறுப்பார். நான் நம்புவது அந்த அம்மாவைத்தான்! பாதியில் நின்றால், மூச்சு வாங்கி நின்றீர்களா, முட்டி வலித்து நின்றீர்களா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

கே: வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னது?

ப: உள்நாக்கு தெரிகிறதா என்று பார்க்க. தெரியாவிட்டால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சிரமமாகலாம், முன்கூட்டியே தயாராக இருப்போம். ஆடுகிற பல் இருந்தால் மறைக்காதீர்கள். டியூப் போடும்போது அது கழன்று நுரையீரலுக்குள் போனால் வேறு தலைவலி.

கே: காலையில் ஒரே ஒரு வாய் பால் காபி?

ப: பால் கலந்தால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்பு வரை சரி. தவறிக் குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடுவோம், திட்டமாட்டோம்.

கே: வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

ப: ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். இதய ரத்தக்குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

கே: மயக்கம் கொடுத்தபோது சித்தப்பாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து இறந்துவிட்டார். பழைய கதை, இதையும் சொல்லணுமா?

ப: முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற மருந்தும் சிலருக்கு உடல் சூட்டை மளமளவென ஏற்றிவிடும். அது பரம்பரையாக வருவது. தெரிந்தால் அவற்றைத் தொடாமல் நரம்பு வழி மருந்துகளை வைத்தே மயக்கம் கொடுத்துவிடலாம். சித்தப்பாவின் ஆஸ்பத்திரி காகிதங்கள் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.