‘ஐடியல்’ என்று பொறித்திருந்தால் பழசா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், தோட்டாக்களை மறுபடி நிரப்பும் பழைய கருவிகள் இரண்டு வாங்கினேன். பாக்குவெட்டி போன்ற ஒன்றில் ‘ஐடியல்’ என்று இருக்கிறது. மற்றது ‘சி’ வடிவ வார்ப்பிரும்பு பிரஸ், பெயரே இல்லை. நல்ல விலை போகுமா?

பதில்: பாக்குவெட்டியில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். ஐடியல் 1884-ல் நியூஹேவனில் தொடங்கிய கம்பெனி. 1925-ல் அதை வாங்கிய, மிடில்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த லைமன் கம்பெனி, அந்தப் பெயரை விட்டுவிடவில்லை. ஆகவே ‘மிடில்ஃபீல்ட்’ என்று இருந்தால் உங்களுடையது லைமன் காலத்துச் சரக்கு. பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவோர்தான் அதிகம். டைகள் (தோட்டாக் கூட்டை வடிவாக்கும் அச்சுகள்) கூடவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாத வெறும் கைப்பிடிக்கு மதிப்பு குறைவு.

பிரஸ்ஸை அடையாளம் காட்டுவது டை ஏறும் மரை. துளையை வெர்னியர் அளவுகோலால் அளந்து முடிவுசெய்யாதீர்கள். அது மரையின் உள்விட்டத்தையே காட்டும். 7/8 அங்குல மரையில் ஏறக்குறைய 2 மி.மீ. குறையும். அளவு தெரிந்த டை ஒன்றைக் கையால் திருகிப் பாருங்கள். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்றால் இன்றைய டைகளே பொருந்தும். புழங்குபவரும் வாங்குவார், சேகரிப்பவரும் வாங்குவார். 5/8 அங்குலம், 30 மரை என்றால் லைமனின் ‘ட்ரூலைன் ஜூனியர்’ பிரஸ்ஸாக இருக்கலாம். அதற்குப் பாக்குவெட்டியின் டைகளே போதும். ஒன்றரை அங்குலத் துளையில் புஷ் (துளையைச் சிறிதாக்கும் உள்வளையம்) போட்டிருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். ‘ஹாலிவுட் சீனியர்’ என்ற பிரஸ்ஸுக்கு அந்த அளவுதான். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து விரிசல். ‘சி’யின் கழுத்திலும் போல்ட் காதுகளிலும் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடு எழும். மஞ்சள் கோடு தெரிந்தால் பித்தளைப் பற்று, யாரோ ஒட்டியிருக்கிறார்கள். இணைப்பு ஊசி (பின்) செல்லும் துளை நீள்வட்டமாகித் தண்டு ஆடினால் புஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். உடைந்த வார்ப்பு அலமாரிக்குத்தான்.

பளபளப்பாக்க நினைத்துப் பெயின்ட் அடித்தால் சேகரிப்பவர் தொடமாட்டார். உப்புத்தாளும் வேண்டாம், பழைய பிரஸ்ஸில் ஈயத்தூள் படிந்திருக்கும். கையுறை போட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். விலைக்கு, விற்பவர் சொல்வதை விட்டு, விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் கருவிகளை இந்தியாவுக்கு அனுப்பலாமா?

பதில்: உரிமம் இல்லாமல் கூடாது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம், தோட்டா தயாரிக்கும் இயந்திரத்தையும் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. அலங்காரப் பொருள் என்று சொல்லி சுங்கத்தில் தப்ப முடியாது.