பழைய 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் வாங்கி விசேஷங்களுக்குப் படம் எடுக்கலாமா?

சொந்தக்காரர் விசேஷம் என்றால் தாராளமாக எடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால், இந்தப் பழசில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும் என்பதால், பையில் ஒரு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸும் இருக்கட்டும்.

புது லென்ஸ் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படி வந்தவன்தான். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவை மூடும்போது, அலமாரியில் கிடந்த, பென்டாக்ஸ் கம்பெனியின் பழைய டகுமார் 50 எஃப் 1.4-ஐ நாலாயிரத்துக்கு வாங்கினேன். கண்ணாடி டிகாஷன் நிறத்தில் இருந்தது. பூஞ்சையோ என்று பயந்தால், அது தோரியம் என்கிற கதிரியக்கப் பொருள். அந்தக் காலத்தில் சில கண்ணாடிகளில் அதைக் கலந்தார்கள், வருஷம் போகப் போக மஞ்சளாகிவிடும். புற ஊதாக் கதிர் பட்டால் தெளியும் என்றார்கள். மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? மொட்டை மாடியில் அம்மா வடகம் காயவைத்த வேட்டிக்கு மேலே இரண்டு செங்கல் வைத்து நிறுத்தினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வேட்டியில் பட்டாணி அளவுக்குக் கருகின ஓட்டை. வெயிலைக் குவித்துச் சுட்டிருக்கிறது. அப்புறம் பின்பக்கம் அலுமினியத் தாள் வைத்து, தினமும் காயவைத்து, இரண்டு வாரத்தில் நிறம் பாதிக்கு மேல் போய்விட்டது. கதிரியக்கம் ஆச்சே என்று கமெண்டில் வருகிறவர்களுக்கு: ஆமாம், இருக்கிறது, ஆனால் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கிற அளவில் அது மிகக் குறைவு. தலையணைக்கடியில் வைத்துத் தூங்காதீர்கள்.

முதல் விசேஷம் சித்தி மகளின் குழந்தைக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. மரத்தடி நிழல், குழந்தை தாய்மாமன் மடியில், ஆசாரி எதிரே குனிந்திருக்கிறார். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.4-இல், அதாவது லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். குழந்தை தலையை ஆட்டினால் கண் போய்க் காது வரும், காது போய் ஆசாரி விரல் வரும். கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி நூற்றுக்கு மேல் எடுத்தேன். பாதி வீண். துவாரத்தைச் சுருக்கி எஃப் 2.8-க்கு இறக்கியிருந்தால் ஆழம் இரண்டு மடங்காகியிருக்கும், எனக்குத்தான் வீம்பு. ஆனால் ஒன்று விழுந்தது பாருங்கள்: கன்னத்தில் நிற்கிற கண்ணீர்ச் சொட்டு மட்டும் அப்படியே தெளிவு, பின்னால் மலையும் ஜனமும் பச்சையும் சிவப்புமாகக் கரைந்து கிடக்கிறது. புது லென்ஸிலும் பின்னணி கரையும், இல்லையென்று சண்டைக்கு வரவில்லை. இந்தப் பழசு ஓரத்தில் கொஞ்சம் சொக்குகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

அந்தப் படம் என்ன ஆனது தெரியுமா? அடுத்த மாசம் பிறந்தநாளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்துக்கு இருபது அடியில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். குழந்தையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் பனிமலையும் இரண்டு புலியும். கண்ணீரை அழித்துவிட்டு உதட்டில் சிரிப்பு வேறு. “அதான் உங்க பேரையும் போட்டிருக்கோம்ல மச்சான்” என்றார் மாப்பிள்ளை. போட்டிருந்தார்கள், இவண் என்பதற்குக் கீழே பதினேழாவதாக, பாஸ்போர்ட் போட்டோவோடு.

சரி, உங்கள் விஷயம். உங்களிடம் இருப்பது நிக்கான் டிஎஸ்எல்ஆர் என்றால் என்னுடையதைப் போன்ற எம்42 திருகு லென்ஸ் வாங்க வேண்டாம்; லென்ஸையும் கேமராவையும் இணைக்கிற வெறும் அடாப்டரில் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய லென்ஸை மாட்டியிருப்பது கேமராவுக்குத் தெரியாது, அதனால் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும்படி மெனுவில் மாற்றிவிடுங்கள், அது தெரியாமல் நான் முதல் நாள் முழுக்க அடாப்டர் விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.