ஜெர்மனியில் முதல் குளிர்காலம்

கேள்வி: முதுகலைப் பொறியியல் படிக்க அக்டோபரில் பெர்லின் சென்ற என் மகள், டிசம்பர் பிறந்ததிலிருந்து சோர்ந்துபோய்ப் பேசுகிறாள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். திரும்ப அழைத்துக்கொள்ளலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் வளர்ந்தவருக்கு, காலை எட்டு மணிக்குமேல் எழுந்து மாலை நான்கு மணிக்கு முன்பே மறையும் சூரியன் பெரும் அதிர்ச்சிதான். வெளிச்சம் குறைந்தால் உடலின் உறக்க ஒழுங்கு தடுமாறி மனமும் சோர்வடையும் என்பதால், இதை அவருடைய மன உறுதியின் குறையாகக் கருதுவது அநியாயம். நண்பகலில் சிறிது நேரமாவது திறந்தவெளியில் நடக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 22-க்குப் பிறகு பகல் மெல்ல நீளும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை சூரியன் இருக்கும்.

பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தனிமை மிகவும் வாட்டும். அன்று தவறாமல் பேசுங்கள். குளிர்காலத்தில் நம் நேரம் நான்கரை மணி முன்னே இருப்பதால், உங்கள் இரவு எட்டரை அவருக்குப் பிற்பகல் நான்கு. மதிப்பெண்ணைப் பற்றி அப்போது கேட்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் குறைந்தால் மட்டும், அங்குள்ள மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசகரை அவர் தயங்காமல் அணுகட்டும்.