இரண்டு காதிலும் காக்ளியர் இம்ப்ளான்ட் தேவையா?

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது காது கேட்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி. அதை ஒரு காதில் பொருத்தினாலே குழந்தைக்குக் கேட்குமே, இரண்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும்தான். ஆனால் பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டால், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்க்கும். சத்தம் வரும் பக்கத்துக் காதில் ஒலி கூடுதலாக விழும். மறுபக்கம் தலை மறைப்பதால் குறையும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. இரைச்சலான வகுப்பறையிலும் இது பெரிய துணை.

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு வயதுதான் முக்கியம். சுமார் 3½ வயதுவரை மூளையின் கேட்கும் பகுதி எளிதில் பழகிக்கொள்ளும். இரண்டாவது காதைப் பல வருடம் தள்ளிப்போட்டால் அது பின்தங்கிவிடக்கூடும். மூளைக்காய்ச்சலால் கேட்காமல் போயிருந்தால் இன்னும் அவசரம்: உள்காதின் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து, கருவியின் கம்பியை நுழைக்கவே இடமில்லாமல் போகலாம். அப்புறம், கருவியை முழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டிவிடுங்கள். பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.