தூக்கிய வண்டிக்கு ஷாக் அப்சார்பர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வைத்திருக்கிறேன். கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) அச்சுக்கு மேலே ஏற்றி நாலு இன்ச் தூக்கியாயிற்று. எந்தக் கம்பெனி ஷாக் போடலாம்?

பதில்: கம்பெனி அப்புறம் தம்பி, முதலில் டேப்பை எடுங்கள். சமதரையில் நிறுத்தி, பழைய ஷாக்கைக் கழற்றி, மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். 430 மில்லிமீட்டர் என்று வைப்போம். அச்சு மேலே ஏறி வண்டியின் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அச்சுக்கும் இடைவெளி 80, ரப்பர் நசுங்க இன்னொரு 20. ஆக, சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது மிஞ்சும் இடம் 330. ஷாக்கின் மூடிய நீளம் அதற்கும் கீழே, 320 போல இருக்கட்டும். பிறகு சேசிஸை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதே இடத்தை அளங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். 510 வந்தால் ஷாக் அதைவிட ஒரு அஞ்சு மில்லியாவது கூடுதலாக நீள வேண்டும். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

நான் அளக்காமல் பட்டவன். "நீளமாக இருந்தால் நல்லதுதானே" என்று மெக்கானிக் ஒரு பெரிய வண்டியின் ஷாக்கை என் ஜிப்ஸியில் மாட்டிவிட்டார். கொழுக்குமலையிலிருந்து சூரியநெல்லிக்கு இறங்கும்போது ஒரு பாறைப் படியில் 'டங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மேல் பிராக்கெட் வெல்டிங்கோடு பிய்ந்து தொங்குகிறது. பக்கத்திலேயே பம்ப் ஸ்டாப் ரப்பர், மேலே படிந்த புழுதிகூடக் கலையாமல் இருந்தது. அச்சு ரப்பரைத் தொடும் முன்பே ஷாக் முட்டிவிட்டது. வண்டியைத் தூக்கினாலும் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயேதான் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீளமான ஷாக்தான் வேண்டுமென்றால் பம்ப் ஸ்டாப்பையும் அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டும்.

கேள்வி: பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ வண்டி. முன்பக்கம் டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்கி இரண்டு இன்ச் ஏற்றினேன். சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் 'தட்' என்கிறது. ஷாக் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முறுக்கி ஏற்றியதால் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த இடத்தை நீங்களே தின்றுவிட்டீர்கள். குழி வந்தால் ஷாக்கோ சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோ எல்லையில் போய் இடிக்கிறது. புது ஷாக் போட்டாலும் இதே சத்தம்தான் வரும். ஒரு இன்ச் இறக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். செலவும் கம்மி.

கேள்வி: சார், வால்பாறையில் வேலை. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்குமேல் எஸ்டேட் கல் ரோடு. வண்டி இசுசு வி-க்ராஸ் பிக்கப், இரண்டு இன்ச் லிஃப்ட். ஷாக் ஒற்றைக் குழாய் மோனோ ட்யூபா, இரட்டைக் குழாய் ட்வின் ட்யூபா?

பதில்: உங்கள் ரோட்டுக்கு என் ஓட்டு ட்வின் ட்யூபுக்கு. மோனோவில் சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெயும் நைட்ரஜனும் தனித்தனியாக இருப்பதால் நுரைக்காது. வரிவரியாக மேடு போட்ட மண் ரோட்டில் மணிக்கணக்காக 70, 80-ல் ஓட்டுகிறவருக்கு அது வரம்தான். எஸ்டேட்டில் நீங்கள் போவது முதல் கியர், இரண்டாம் கியர். அங்கே சூட்டைவிடக் கல்தான் பிரச்சினை. மோனோவில் பிஸ்டன் வெளிக்குழாயின் உள்சுவரிலேயே ஓடுகிறது, கல் தெறித்து ஒரு சொட்டை விழுந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ட்வினில் உள்ளே இன்னொரு குழாய் இருப்பதால் சின்னச் சொட்டை ஒன்றும் செய்யாது. ஓல்டு மேன் ஈமு நைட்ரோசார்ஜர் ட்வின் ட்யூப், பில்ஸ்டீன் 5100 மோனோ ட்யூப். முன்னால் இரும்பு பம்பரோ, கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சோ இருந்தால் அந்த எடையைக் கடையில் சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே செட்டாக எடுப்பது உத்தமம்.

கேள்வி: பிக்கப்பில் லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. கடினமான ஷாக் போட்டால் நிமிருமா?

பதில்: நிமிராது. எடையைத் தாங்குவது கமான் பட்டை. ஷாக் ஆட்டத்தை அடக்க மட்டும்தான். பட்டைக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: லிஃப்ட் பண்ணினால் ஆர்டிஓ பிடிப்பாரா?

பதில்: தேய்ந்த ஷாக்கை மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. வண்டியைத் தூக்குவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் பொருந்தாதபடி வண்டியை மாற்றக்கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் முதலில் கிளறுவார்.

கேள்வி: அண்ணா, நாலு ஷாக்கில் எது செத்தது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இருபது நிமிடம் மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு இறங்கி, நாலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சட்டென்று தொட்டு எடுங்கள், சுடும். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். பச்சைத் தண்ணீர் போல இருப்பதுதான் போனது. மாற்றும்போது முன் ஜோடி, பின் ஜோடி என்று சேர்த்தே மாற்றுங்கள். புது ட்வின் ட்யூபை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று மேலே போய்விடும். ஷாக் முனையில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியாது.