கேள்வி நேரம்: ‘எங்கள்’ என்பதும் ‘நாம்’ என்பதும்

கேள்வி: கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன், டீச்சர். தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கிறோம். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்களே தவிர மனதில் ஏறவில்லை. பாதிக்கு மேல் வேற்று மதத்துப் பிள்ளைகள். ஜெபத்தையும் இதையும் எப்படிச் சேர்த்துச் சொல்லித் தருவது?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் 31 வருடம் தமிழ் எடுத்தவள் நான். நெற்றியில் விபூதியோடு நின்று சொன்ன ‘விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே’ இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதனால் ஒப்பிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் இலக்கண வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “ஜெபத்துல ‘எங்கள்’னு வருது, முகவுரையில ‘இந்திய மக்களாகிய நாம்’னு வருது. ஏன் டீச்சர்?” எனக்கு லட்டு கிடைத்த மாதிரி. ‘எங்கள்’ என்றால் கேட்கிறவர் சேர மாட்டார். கடவுளிடம் பேசும்போது அதுதான் சரி. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று எழுதிப்போட்டேன். அவள் உட்காரவில்லை. “அப்ப வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட்ல மட்டும் நாம் இல்லையா?”

அந்தப் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்களுடைய சமய வகுப்புக்குப் போவார்கள். அவர்களுக்குப் புத்தகம், டீச்சர், ஃபேன். மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று பெயர். வெயில் அடிக்கும் வராண்டாவில், யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் காவல். எத்தனையோ வருடம் அந்தக் காவலை நானே பார்த்திருக்கிறேன், உறைக்கவில்லை. எச்.எம். சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அறை ஒதுக்கினார். புத்தகம் கடைசிவரை வரவில்லை, ஃபேன் வந்தது.

உங்கள் வகுப்பிலும் முகவுரையிலிருந்து வாரம் ஒரு சொல்லை எடுத்து, நம் பள்ளியில் இது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கேளுங்கள். சகோதரத்துவத்துக்கு வெளியே தேட வேண்டாம், பைபிளில் நல்ல சமாரியன் கதை இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் கோயில் குருவும் கோயில் பணி செய்கிற லேவியரும் விலகிப் போனார்கள், தூக்கிவிட்டவன் அவர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்து வேற்றாள். எந்த மதத்துப் பிள்ளைக்கும் புரியும்.

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவையும் வாசித்துக் காட்டுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பள்ளியில் இதையெல்லாம் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். காலையில் முகவுரை வாசிக்கச் சொல்லி 2024-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு வழிகாட்டுதல் தந்தது அல்லவா? பிற மதப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது. ஒரு பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளாளர் கூப்பிட்டுக் கேட்டால் நீட்டலாம்.